சாமியறையும் போனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பு வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குச் சைவ அறநெறி வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற அம்மா அப்பாமார் கேற்றடியில் நின்று சந்தேகம் கேட்பார்கள். முன்பெல்லாம் விரதம், நேர்த்தி பற்றிக் கேட்டார்கள். இப்போது எந்தக் கேள்வியும் சுற்றிச் சுற்றிப் போனில் வந்து நிற்கிறது. அதே பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் ஓய்ந்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் குருக்கள் வீட்டுப் பிள்ளை இல்லை, சாத்திரமும் தெரியாது. இரண்டு பிள்ளைகளும் ஒரு மாமியும் இருக்கிற வீட்டை நடத்துகிறவளின் பதில்கள் இவை.

பூசையை யூடியூப்பில பார்த்தா கோயிலுக்குப் போன மாதிரித்தானே மிஸ்?

நடக்க முடியாதவருக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கும், கனடாப் பனிக்குள் இருக்கிற அக்காவுக்கும் ஓம், தாராளமாக. நல்லூர்த் திருவிழாவை 25 நாளும் போனிலேயே பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர். அதற்கு முதல், வானொலியில் திருவிழா நேர்முக வர்ணனை கேட்டுக் கைகூப்பிய அம்மம்மாமாரை யாரும் பக்தி குறைந்தவர்கள் என்று சொல்லவில்லை.

இதையே வெள்ளவத்தையில் இருக்கிறவர் கேட்டால் என் பதில் வேறு. மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போக உங்களுக்கு பஸ்கூடத் தேவையில்லை. பிள்ளைக்குக் கோயில் என்பது சுவாமியோடு முடிவதில்லை. வெயிலில் சுடுகிற முற்றத்தில் வெறுங்காலோடு ஓடுவது, வரிசையில் தன் முறைக்குக் காத்து நிற்பது, பக்கத்து லேன் ஆச்சி கன்னத்தைக் கிள்ளுவது எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. திரையில் அதொன்றும் வராது. அப்படியும் வீட்டிலிருந்து பார்க்கிற நாளில், நேரலை ஓடும்போது கீரை ஆயலாம், மெசேஜ் பார்க்க வேண்டாம்.

துடக்கு நேரத்தில போனில தேவாரம் கேக்கலாமா?

கேளுங்கள். செத்தவீட்டுத் துடக்கில் 31 நாள் கோயிலுக்குப் போவதில்லை, வீட்டில் பூசை இல்லை என்பது எங்கள் வழக்கம். காதால் கேட்பதையும் மனதுக்குள் ஓதுவதையும் எந்தப் பெரியவரும் தடுத்து நான் பார்த்ததில்லை. துக்கத்தில் இருக்கிறவருக்கு அந்த நேரத்தில்தான் அது கூடுதலாகத் தேவைப்படும்.

விளக்கு வைக்கிற நேரம் பார்த்து மாமி சீரியலோட இருப்பா. சொன்னாக் கோபம். என்ன செய்யிறது?

முதலில் மாமியின் பக்கம் கொஞ்சம் பாருங்கள். ஊரில் முற்றம், கிணற்றடி, வேலிக்கு மேலால் கதை என்று இருந்த மனுசி. இங்கே நாலாம் மாடி பிளாட்டில் நீங்கள் வேலையாலும் பிள்ளைகள் ரியூஷனாலும் வரும்வரை அவவோடு கதைத்தது அந்த டிவி மட்டும்தான். வந்ததும் வராததுமாய் ரிமோட்டைப் பறித்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

எங்கள் வீட்டில் விளக்கேற்றும் பொறுப்பே மாமியிடம் போய்விட்டது. திரி போடுவது, எண்ணெய் விடுவது, பிள்ளைகளைக் கூப்பிடுவது எல்லாம் அவ. பொறுப்பு கைக்கு வந்ததும் சீரியல் தானாகத் தள்ளிப்போனது. விளம்பரம் போகும் நேரத்துக்குள் எழும்பி, திரியைத் தூண்டி, ஒரு தேவாரத்தைப் பாடி முடித்துவிட்டு வந்து உட்காருவா. தேவாரம் கொஞ்சம் வேகமாகத்தான் போகிறது. பரவாயில்லை. சின்னவன் அதைக் கேட்டே முழுவதையும் பாடமாக்கிவிட்டான்.

சீரியலில் எனக்கு இருக்கிற முறைப்பாடு வேறு. அதில் கும்பிடுகிறவர்கள் எல்லாம் ஒருத்தரை அழிக்கத்தான் கும்பிடுகிறார்கள். எலுமிச்சம்பழம், குங்குமம், பின்னணியில் உடுக்குச் சத்தம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால், ‘இது கதைக்காகச் செய்யிறது, அம்மன் கோயிலில் இப்படி இல்லை’ என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

டிவியில பார்த்திட்டு கல்யாணத்துக்கு ஹல்தி வேணுமாம். எங்கட முறையில இது இருக்கா?

இல்லை. வடஇந்திய வழக்கம். அதற்காக வீட்டில் சண்டை பிடிக்கத் தேவையில்லை, இளசுகள் மஞ்சள் பூசி ஆடட்டும். நான் சண்டை பிடிக்கிற இடம் ஒன்று உண்டு: ஹல்திக்கு மண்டபமும் மஞ்சள் உடுப்பும் எடுத்துவிட்டு, பொன்னுருக்குக்கு நேரமில்லை என்று தாலியை நகைக்கடையில் ஆயத்தமாக வாங்கி வருவது. தாலிக்குப் பொன் உருகுவதை ஆசாரியார் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளை அதை மறக்காது.

வருசம் பிறக்கிற நேரம் வட்ஸ்அப்பில ஒண்டு, கோயில் நோட்டீசில ஒண்டு. எது சரி?

இரண்டும் சரி. எங்களிடம் இரண்டு பஞ்சாங்கம் புழக்கத்தில் உண்டு. வாக்கியம் என்பது முன்னோர் வாய்பாடு போல அமைத்து வைத்த வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது. திருக்கணிதம் என்பது கிரகங்கள் இப்போது வானத்தில் நிற்கிற இடத்துக்கு ஏற்பத் திருத்திய கணக்கு. கணக்கு வேறென்றால் நேரமும் வேறாகும். வட்ஸ்அப்பில் வருவது எந்தப் பஞ்சாங்கம், எந்த நாட்டு நேரம் என்று போட்டிருக்காது, அதுதான் குழப்பம். வருசத்தன்று தலையில் வைக்கிற மருத்துநீரை நீங்கள் வாங்குகிற கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். நேரம் பத்து நிமிடம் பிந்தினால் பெரியவர்கள் கையில் தருகிற கைவிசேடக் காசின் பெறுமதி குறையாது, பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள்.

இந்தப் படத்தை 11 பேருக்கு அனுப்பாட்டி வீட்டில கெட்டது நடக்குமாம். நம்பேல்லை, ஆனா அனுப்பிப்போட்டன். ஏன் வில்லங்கம் எண்டு…

பரவலாகக் கேட்கிற கேள்வி, வெட்கப்பட ஒன்றுமில்லை. இது போனோடு வந்த வியாதியும் இல்லை. போஸ்ட்கார்ட் காலத்திலேயே இதே வாசகத்தைக் கையால் எழுதி அனுப்பினார்கள். எழுதாதவருக்கு நட்டம் வந்ததாம், எழுதியவருக்கு லொத்தர் விழுந்ததாம். அப்போது முத்திரைச் செலவாவது இருந்ததால் கொஞ்சம் யோசித்தார்கள்.

என்னிடம் இருக்கிற அளவுகோல் ஒன்றுதான், கீழே வரும் பதில்களிலும் அதைத்தான் பாவிக்கப்போகிறேன். ஒரு செய்தி முதலில் பயத்தைக் கிளப்பி, பிறகு உங்களிடம் ஏதாவது கேட்கிறதா? காசு, பகிர்வு, கோபம் எதுவானாலும் சரி. கேட்டால் அதில் எந்தச் சாமியின் படம் இருந்தாலும் அதற்கும் சமயத்துக்கும் தொடர்பில்லை. வில்லங்கம் வேண்டாம் என்று நீங்கள் அனுப்பிய 11 பேரில் ஒருவர் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவராக இருக்கலாம். அவருக்கு அன்றிரவு நித்திரை வராது.

யூடியூப்பில ஒரு சாத்திரியார், மகனுக்கு ஏழரைச் சனி, பரிகாரத்துக்குக் காசு போடச் சொல்றார். இந்த வருசம் ஏஎல் சோதினை வேற…

சோதனை வருடத்தில் தாய்க்கு இருக்கிற பயம் அவருக்கு நன்றாகத் தெரியும். பஞ்சாங்கக் கேள்விக்கு மேலே சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் பெயர்ந்தது 2025 மார்ச் 29. வாக்கியப்படி அந்தப் பெயர்ச்சி 2026 மார்ச்சில்தான். இரண்டுக்கும் இடையில் ஒரு வருடம். 2025இலும் பரிகாரம் விற்றார்கள், 2026க்கும் விற்றார்கள், காசு மட்டும் எந்தப் பஞ்சாங்கத்தாலும் திரும்பி வரவில்லை.

மனம் கேட்கவில்லை என்றால் சனிக்கிழமை கோயிலில் எள்ளெண்ணெய்ச் சட்டி எரியுங்கள். உங்கள் முகம் தெரிந்த குருக்கள் அதற்குக் கேட்கிற காசு சொற்பம், அவர் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு ஆறுதல் வார்த்தையும் சொல்லுவார். முன்பின் தெரியாதவரின் வங்கிக் கணக்குக்குப் போடாதீர்கள். ‘கோயில் திருப்பணிக்கு’ என்று வரும் கணக்கு இலக்கங்களும் இப்படித்தான். கோயில் அலுவலகத்தில் கேட்டு, பற்றுச்சீட்டு எடுத்துக் கொடுங்கள்.

போன் பார்த்தா சாமி கண்ணைக் குத்தும் எண்டு சொல்லித்தான் நான் சின்னவளை அடக்கிறன். வேலை செய்யுது. பிழையா?

பிழை. 11 பேருக்கு அனுப்பு என்றவனும் இந்தச் சாத்திரியாரும் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். பயம் காட்டி ஒரு காரியம் பார்க்கிறீர்கள், அதற்குச் சாமியைக் கூலிக்குப் பிடித்திருக்கிறீர்கள். கண் குத்துப்படவில்லை என்று ஒருநாள் அவளுக்கு விளங்கும். அன்றைக்குப் போன் தப்பிவிடும், சாமிதான் மாட்டுவார். என் வகுப்பில் ஒரு பிள்ளை கண்ணை இறுக்கப் பொத்திக்கொண்டு தேவாரம் பாடியது. காரணம் கேட்டேன். காலமை வீடியோ பார்த்தவளாம், பிள்ளையாருக்கு முகம் காட்டப் பயமாம்.

போனுக்கு வீட்டு விதி போடுங்கள், அது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சாப்பாட்டு மேசைக்குப் போன் வராது. இரவில் எல்லாருடைய போனும் ஹோலில் சார்ஜில் இருக்கும், அப்பாவுடையதும் சேர்த்து. அப்பாவுடையது அங்கே இல்லாத வீட்டில் இந்த விதி ஒரு கிழமைக்கு மேல் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நாவலர் காலத்தில இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லைத்தானே? அப்ப சமயம் சமயமா இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் சைவம் வளர்த்த அந்த நாவலரையே பாருங்கள். 1841இல் அமெரிக்க மிஷன்காரர் யாழ்ப்பாணத்தில் உதயதாரகை பத்திரிகையைத் தொடங்கிவிட்டார்கள். துண்டுப்பிரசுரங்கள் வீடு வீடாகப் போயின. ‘அச்சடித்த கடதாசி வந்து பிள்ளைகள் கெடுகிறார்கள்’ என்ற புலம்பல் அன்றைக்கும் இருந்திருக்கும். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர், மிஷன்காரருடைய வேலை முறையைக் கிட்ட நின்று பார்த்தவர். 1849இல் சென்னைக்குப் போய் அச்சுயந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் வைத்தார். பாலபாடமும் சைவ வினாவிடையும் பிள்ளைகள் கைக்கு வந்தது அச்சில்தான்.

சைவ வினாவிடை என்பதே கேள்வி பதில் வடிவம், கவனித்தீர்களா? கேற்றடியில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

அவர் கத்தோலிக்கம், நான் சைவம். பிள்ளையை எதில வளர்க்கிறது? ரெண்டு பக்கத்துச் சொந்தமும் வட்ஸ்அப்பில உபதேசம்.

கொழும்பில் இது புதினமான குடும்பம் இல்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்துகிறவர்களில் சைவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் பொன்னம்பலவாணேசர் கருங்கல் கோயில். இரண்டுக்கும் போகிற சனம் அந்தப் பக்கத்தில் தலைமுறையாக இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அந்தத் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது அழுதவர்கள் கத்தோலிக்கர் மட்டும் இல்லை.

ஆனால் கும்பிடுவதில் இருக்கிற இந்தத் தாராளம் படிவம் நிரப்பும்போது உதவாது. எங்கள் பள்ளிக்கூடங்களில் ஓஎல் சோதனை வரை சமயம் கட்டாய பாடம், பிள்ளை சைவநெறியோ கத்தோலிக்கமோ ஏதோ ஒன்றைப் படிக்கத்தான் வேண்டும். தேவாலயத்தில் கல்யாணம் நடந்திருந்தால் இன்னொன்றும் உண்டு. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் துணை வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர் வாக்குக் கொடுக்கத் தேவையில்லை, ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சிலருக்கு இது பிள்ளை பிறந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. இன்னும் முடிக்காதவர்கள் இதைத் தாலிக்கு முதலே கதையுங்கள். முடித்தவர்கள் முதலாம் வகுப்பு விண்ணப்பத்துக்கு முதல் இரண்டு பேருமாக இருந்து முடிவெடுங்கள். சொந்தங்களுக்கு முடிவை மட்டும் அறிவியுங்கள், குறூப்பில் வாக்கெடுப்பு வைக்காதீர்கள்.

மகன் கடவுள் இல்லை எண்டுறான். யூடியூப் பார்த்துத்தான் கெட்டவன்.

எத்தனை வயது? 15, 16 என்றால் யூடியூப் இல்லாவிட்டாலும் கேட்டிருப்பான். நட்டு வைத்த கல்லைச் சுற்றுவதைச் சித்தர்களே கேலி செய்து பாடியிருக்கிறார்கள், அவர்களையும் நாங்கள் எங்கள் ஆட்கள் என்றுதான் வைத்திருக்கிறோம். அவன் பார்த்த வீடியோவை ஒருநாள் அவனோடு இருந்து முழுக்கப் பாருங்கள். அதில் நியாயம் இருக்கிற இடத்தில் ஓம் என்று சொல்லுங்கள். திருநீறு பூசாவிட்டால் சாப்பாடில்லை என்று மட்டும் நிற்காதீர்கள், சின்னவளுக்குச் சொன்ன கண்குத்துக் கதையின் பெரிய வடிவம் அது. பொங்கலுக்குப் பானை இறக்கக் கூப்பிடுங்கள், வருவான்.

மகள் ஒரு போதகரின்ர லைவ் பார்த்து மாறப்போறன் எண்டுறாள். சட்டத்தால தடுக்கலாமோ?

முடியாது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒருவர் தான் விரும்பும் மதத்தை ஏற்கும் சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறது. கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த லைவுக்கு என் அளவுகோலை வையுங்கள். பயம் காட்டுகிறாரா? காசு கேட்கிறாரா? வீட்டாரை எதிரி என்கிறாரா? மூன்றில் ஒன்றாவது இருந்தால் அதை மகளிடம் நேரே சொல்லலாம். ஒன்றும் இல்லை, அவளுக்கு அங்கே மனம் ஆறுகிறது என்றால், அந்த ஆறுதல் வீட்டில் ஏன் கிடைக்கவில்லை என்று அவளையே கேளுங்கள். பதில் கசக்கலாம்.

சொந்த மாமா ஒருத்தர், முஸ்லிம் ஆக்களைப் பற்றி ஒவ்வொரு நாளும் குறூப்பில வீடியோ போடுறார். பெரியவர், எப்படிச் சொல்லுறது?

இந்தக் கேள்விக்கு மற்றதை விட நீளமாகத்தான் சொல்ல வேண்டும். 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை. தமிழருக்கு எதிரான கலவரம் கொஞ்சம் அடங்கினதுபோல் இருந்த நேரம். புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்று புறக்கோட்டைப் பக்கம் ஒரு கதை கிளம்பியது. பொய்க் கதை. அதை வைத்து அன்றைக்குத் திரும்பவும் தமிழரைத் தேடிக் கொன்றார்கள். வட்ஸ்அப் இல்லாத காலம், வாயால் பரவினதே போதுமாக இருந்தது. அந்தக் கிழமை அயல் வீடுகளில் ஒளித்திருந்தவர்கள் எங்கள் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் மாமாவே ஒருவராக இருக்கலாம்.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கதை கட்டினார்கள். வீடியோ எடுத்துப் பரப்பினார்கள், கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வில் அது மாவுக் கட்டி என்று தெரியவந்தது. அடுத்த மாதமே கண்டி மாவட்டத்துத் திகனப் பக்கம் வீடுகளும் கடைகளும் எரிந்தன, அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் கொஞ்ச நாள் முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் முடக்கியது. மாவுக் கட்டி என்ற செய்தியை எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

மாமாவிடம் தனிச்செய்தியில், மரியாதையாக, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘மாமா, இது எங்க, எப்ப எடுத்தது?’ வீடியோவின் ஒரு காட்சியைப் படமாக எடுத்து கூகுளில் தேடினால், வேறு நாட்டில் எப்போதோ நடந்தது என்று வெளிப்படுவது வழக்கம். கிடைத்தால் அதையும் அனுப்புங்கள். அதற்குப் பிறகும் போட்டால் குறூப்பிலேயே ஒருமுறை சொல்லிவிடுங்கள்: ‘இது பொய், எங்கட குறூப்பில வேண்டாம்.’ பெரியவரை எதிர்த்துப் பேசுவதாய் ஆகுமே என்று தயங்குகிறீர்கள். அதே குறூப்பில் உங்கள் பிள்ளையும் இருக்கிறது, அம்மா வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தா என்பதும் அதற்குத் தெரியும்.

சட்டமும் உண்டு. மத வெறுப்பைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். கதை எழுதினவரையும் அதே சட்டத்தில் உள்ளே போட்ட நாடு இது என்பதால், பொலிஸைக் காட்டி மாமாவை வெருட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மகளின்ர சாமத்திய வீட்டு வீடியோவை ஸ்டூடியோக்காரர் யூடியூப்பில போட்டா விலை குறைச்சுத் தாறாராம். மகள் வேண்டாம் எண்டுறாள். சடங்குதானே, ஊர் பார்க்கத்தானே செய்யிறம்?

பூப்புனித நீராட்டுக்கு மண்டபத்துக்கு வந்த சனம் வேறு. உங்கள் அழைப்பிதழில் வந்து, சாப்பிட்டு, ஆரத்தி எடுத்து, வீட்டுக்குப் போய்விடும். வீடியோ அங்கேயே இருக்கும். அவள் கம்பஸுக்குப் போகும்போதும் வேலைக்குப் போகும்போதும் யாராவது தேடி எடுத்துப் பார்க்கலாம், கீழே என்னவும் எழுதலாம். 12, 13 வயதுப் பிள்ளை குதிரை வண்டியிலும் பல்லக்கிலும் வருவதை ட்ரோனில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, காதல் பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டுகிறார்கள். அதில் சடங்கு எது என்று எனக்குப் பிடிபடுவதில்லை. தாய்மாமன் தேங்காய் உடைப்பது மூன்று வினாடி வருகிறது.

அவள் வேண்டாம் என்றுவிட்டாள், அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. முழுக் காசைக் கொடுங்கள். முற்பணம் கட்டும்போதே, யூடியூப்பிலோ பேஸ்புக்கிலோ ஸ்டூடியோவின் விளம்பரத்திலோ போடக்கூடாது என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். ஏற்கனவே போட்டிருந்தால் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். எடுக்காவிட்டால், பிள்ளையின் தனியுரிமை என்று காரணம் காட்டி யூடியூப்புக்கே முறைப்பாடு செய்யலாம், அதற்கென்று படிவம் இருக்கிறது. நிரப்பத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிய வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.